எட்ட நின்றால் கேட்காது

ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டுக் கண்ணகை பொலிசுக்குக் கொடுத்த கடிதத்துக்கு எட்டாம் நாள் பதில் வந்தது. சிங்களத்தில் இரண்டே வரி. மேர்லின்தான் வாசித்தாள். புளியந்தீவில் பறங்கிக் குடும்பத்தில் பிறந்த அவளுக்கு மூன்று மொழியும் கைவசம்.

“பாதுகாப்புக் காரணத்தால மைக் பாவிக்க ஏலாதாம்.”

“வேற?”

“வேற ஒண்டுமில்ல. கீழ கையெழுத்து.”

“பாடக் கூடாதெண்டு கிடக்கா?”

மேர்லின் இன்னொரு தரம் வாசித்தாள். “இல்ல.”

“அப்ப பாடுவம்,” என்றாள் கண்ணகை. தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்த கால் நிற்கவேயில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்தக் காலம் அது. கண்ணகைக்கு நாற்பது வயது. பஜனை மடத்தில் பழகிய ஆர்மோனியம் ஒன்று அவளிடம் இருந்தது. மேர்லினிடம் தகப்பனின் கிற்றார். மூன்றாவது ஆள் றமீஸா, கைத்தறிக்காரி. வீட்டில் பெருநாளைக்கு அடிக்கிற ரபான் மேளத்தை மடியில் வைத்தாளென்றால் சுவர் அதிரும். மூவரும் கண்ணகையின் தையல் அறையில் சனிக்கிழமைகளில் கூடிப் பாடினார்களே தவிர, மேடை கண்டவர்கள் இல்லை.

கண்ணகையின் ஊருக்கும் றமீஸாவின் ஊருக்கும் நடுவே வாவிக்கரையில் ஒரு சந்தை. தொண்ணூறாம் ஆண்டோடு அது பூட்டிப்போயிற்று. அந்த ஆண்டில்தான் கண்ணகையின் புருசன் வயல் வட்டைக்குத் தண்ணி கட்டப் போய்த் திரும்பாமல் போனான். அதே மாதம் றமீஸாவின் வாப்பாவையும் தம்பியையும் ஒரே பாயில் கிடத்தினார்கள். யார் யாரைக் கொன்றார்கள் என்பதற்கு இரண்டு ஊரும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தன. துணி மலிவென்றுதான் கண்ணகை முதலில் றமீஸாவிடம் போனாள். ஆறு மாதம் துணியைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகொரு நாள் தறிக்குப் பின்னாலிருந்து றமீஸா முணுமுணுத்த பாட்டுக்குக் கண்ணகை அடுத்த அடியைப் பாடிவிட்டாள். அதிலிருந்து வந்ததுதான் இதெல்லாம்.

பூட்டிய சந்தையில் பாடுவதென்று முடிவு பண்ணியதும் கண்ணகைதான். இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பினாள். சொன்ன அன்றே எதிர்ப்பும் வந்தது.

கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் அவளுக்குப் பெரியப்பா மகன். வாசலில் நின்றே பேசினார்.

“புருசனத் திண்ட மண்ணில போய்ப் பாடப் போறியா? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் ஏழு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இரிக்கு அண்ணன். எனக்கு ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து தந்திச்சா?”

“அந்தப் பொண்டுகளோட கூடிக்கிட்டு...”

“அந்தப் பொண்டும் வாப்பாவ மண்ணில தாட்டவதான். வாறதெண்டா வாங்க. வராட்டி விடுங்க.”

றமீஸாவின் வீட்டில் இதைவிட மோசம். மூத்த அண்ணன் அசனார் ரபானைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். றமீஸா கதிரை வைத்து ஏறி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“காக்கா கேட்டா என்ன சொல்லுவாய்?” என்றாள் கண்ணகை.

“கதிரை வீட்டிலதானே கிடக்கு, ஏறிப் பாருங்க எண்டு சொல்லுவன்.”

ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆகையால் நாலு மணிக்கே தொடங்கினார்கள். கூரை எரிந்துபோன மீன்கடையின் சீமெந்துத் தளத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். சனம் வந்திருந்தது. ஆனால் தமிழாக்கள் தெற்கே வாகை மரத்தடியிலும், முஸ்லிம் ஆக்கள் வடக்கே பூட்டிய கடைகளின் ஓரத்திலும் நின்றார்கள். நடுவிலே வெறும் மணல், ஒரு பந்து விளையாடும் அளவுக்கு.

முதல் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. வாவிக் காற்று குரலை அள்ளிக்கொண்டு போயிற்று. கிற்றார் நுளம்பு கத்துவதுபோல இருந்தது. பாட்டு முடிந்ததுகூடத் தெரியாமல் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருவன் சிரித்தான்.

“கேட்கல்ல! ஒண்டும் கேட்கல்ல!” என்று வாகை மரத்தடியில் இருந்து சத்தம். கடைப்பக்கமிருந்தும் அதே சத்தம்.

மேர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். “போவமா அக்கா?”

கண்ணகைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் தொண்டைக்கு வருவதற்குள் கோபமாக மாறிவிட்டது. எழும்பி நின்று, இடுப்பில் கையை ஊன்றி, இரண்டு பக்கமும் திரும்பிக் கத்தினாள்.

“கேட்கல்லயா? எப்பிடிக் கேட்கும்? மைக் தரமாட்டான். எங்கட தொண்டை இவ்வளவுதான். கேட்க வேணுமெண்டா கிட்ட வாங்க! எட்ட நிண்டு பாக்கிறதுக்கு நாங்க என்ன செத்த வீடா?”

ஒருவரும் அசையவில்லை. முதலில் வந்தது ஒரு கச்சான் கடலைக்காரன். சனம் நடுவில் கூடினால் இரண்டு பக்கமும் விற்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலைக் கடந்து தளத்தடியில் வந்து குந்தினான். அவனிடம் வாங்கச் சின்னதுகள் ஓடிவந்தன. அதுகளைப் பிடிக்கத் தாய்மார். தாய்மார் உட்கார்ந்த பிறகு ஆம்பிளைகள் நின்ற இடத்தில் எத்தனை நேரம் நிற்பது? மெல்ல மெல்ல மணல் நிறைந்தது. ஒட்டி உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பாட்டுக்காரிகளையே பார்த்தார்கள். அதுவும் போதுமென்று கண்ணகை நினைத்தாள்.

அடுத்தது அவள் கட்டிய பாட்டு.

“பேரென்ன ஊரென்ன பையிலென்ன எண்டான்,
பசிதான் கிடக்கு, பாத்துக்கோ எண்டன்!”

ஆமியின் சென்றியில் சோதனைக்கு நின்று பழகிய சனம். முதலில் ஒரு திடுக்கிடல், பிறகு குபீரென்று சிரிப்பு. இரண்டாம் தரம் பாடும்போது கைதட்டும் சேர்ந்தது. மூன்றாம் தரம் சனமே பாடிற்று.

அப்போதுதான் பொலிஸ் ஜீப் வந்தது.

இறங்கிய அதிகாரி மைக்கைத் தேடினார். கம்பியில்லை, பெட்டியில்லை. மேர்லின் கடிதத்தை நீட்டிச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னாள்: “நீங்க எழுதின மாதிரியேதான் சேர். மைக் இல்ல.”

அதிகாரியின் முகம் சிவந்தது. “கூட்டம் போட யாரு சொன்னது? நிப்பாட்டு!”

கண்ணகை நிறுத்தவில்லை. அவர் தளத்தில் ஏறி ஆர்மோனியத்தின் துருத்தியைக் கையால் அமுக்கினார். நீளமாக முனகி ஆர்மோனியம் அடங்கியது. இனி எல்லாரும் எழும்பி ஓடுவார்கள் என்றே கண்ணகை நினைத்தாள்.

ரபான் நிற்கவில்லை. றமீஸா அதிகாரியைப் பார்க்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை. ஓர் அடியும் தப்பவில்லை. சனமும் எழும்பவில்லை. முந்நூறு பேர் அதே அடிக்குக் கைதட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நல்லரத்தினம் நிற்பதைக் கண்ணகை அப்போதுதான் கண்டாள். அவர் தட்டவில்லை. ஆனால் போகவுமில்லை.

“பேரென்ன ஊரென்ன...” என்று கண்ணகை வெறும் தொண்டையால் எடுத்தாள்.

முந்நூறு பேரின் கையை எந்த ஜீப்பில் ஏற்றுவது? அதிகாரி ஆர்மோனியத்தைத் தூக்குவித்துக்கொண்டு போனார். அது போன பிறகும் அவர்கள் ஐந்தரை வரை பாடினார்கள்.

மறுநாள் மூவரும் பொலிசுக்குப் போனார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் ஆர்மோனியப் பெட்டியைத் தரலாம் என்றார் அதிகாரி. தாளும் பேனையும் மேசையில் ஆயத்தமாக இருந்தன.

ஆர்மோனியம் மூலையில் சாக்கு மூட்டைகளின் மேல் இருந்தது. இருபது வருசமாகத் தன் விரல் பட்டுத் தேய்ந்த கட்டைகளைக் கண்ணகை பார்த்தாள். கண் நிறையத்தான் செய்தது.

“நான் ஒரு பிழையும் செய்யல்ல சேர். செய்யாத பிழைக்கு எழுதித் தர ஏலா.”

“அப்ப பெட்டி இல்ல.”

“வேண்டாம். ஆனா மழையில நனைய விடாதங்க. பழுதாப் போயிரும்.”

வெளியே வந்து ஒழுங்கை திரும்பும் வரைக்கும் நிமிர்ந்து நடந்தாள். திரும்பியதும் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். றமீஸா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அசனார் றமீஸாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்தப் பாட்டைப் பாடியதற்காக விசாரணை என்று கண்ணகையை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். ஆர்மோனியம் கடைசிவரை வரவேயில்லை.

கண்ணகை ஒரு சோடி சல்லாரித் தாளம் வாங்கித் தட்டப் பழகினாள். முதலில் விரலில் தோல் உரிந்தது. அந்த வருசம் முடியுமுன் களுதாவளையிலும் களுவாஞ்சிக்குடியிலும், பின்னே றமீஸாவின் ஊர்த் தறிக்கொட்டிலின் முற்றத்திலும் பாடினார்கள். எங்கே போனாலும் முதலில் எழும்பி நின்று கண்ணகை கையைக் காட்டுவாள்.

“மைக் இல்ல. கிட்ட வாங்க.”