நகர்ந்தால்தான் வீடு

கட்டட ஆய்வாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊரில் யாரிடம் விசாரித்தாலும், "யாரு, அங்குலமா? இப்பத்தான் அந்தப் பக்கம் போனாரு" என்றுதான் சொல்வார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. பையில் அளவு நாடா இல்லாவிட்டால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாடாவைப் பிடித்துப் பார்த்து, "தீப்பிடிச்சா நீ இறங்க வழி இல்ல" என்று மனைவியிடம் சொன்ன மகானுபாவர். அந்த அம்மாள் இன்றைக்கும் அதை உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குகிறாள்.

அன்று மதியம் அவர் சரக்குக் கிடங்குகளின் பின்பக்கம் வந்திருந்தார். வீடில்லாதவர்களுக்காக நகராட்சி அங்கே வரிசையாகச் சக்கர வீடுகளை நிறுத்தியிருந்தது. வீடு என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல் கொள்ளும் தகரப் பெட்டி. அடியில் நாலு சக்கரம். கிடங்குப் பகுதியில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். தற்காலிகமாகத் தங்கலாம் என்பது அந்தச் சட்டத்துக்குள் விட்டுவைத்த சின்னச் சந்து. தற்காலிகம் என்பதற்கு என்ன அத்தாட்சி? தள்ளினால் வீடு நகர வேண்டும்.

மூன்றாவது பெட்டியில் இருந்தவள் சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண். அவள் புருஷன் லாரி டிரைவர்; விபத்தில் இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி சக்கர நாற்காலிதான். 'சக்கர நாற்காலி ஏறக்கூடிய, அனுமதி பெற்ற வீடு' என்று அன்று சாயங்காலத்துக்குள் ஆய்வாளர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லாவிட்டால், அவனை வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் இடம். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, இனிமேல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பிழைப்பா என்றிருந்தது அவளுக்கு.

போன தடவை வந்தபோது அங்குலம் வாசலில் கிடந்த பலகையை மிதித்துப் பார்த்து, "ஆடுதேம்மா. நாற்காலி ஏறினா சரிஞ்சிரும். உறுதியா ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் பக்கத்துப் பெட்டி மேஸ்திரியிடம் சொன்னாள். மேஸ்திரி ஊரில் பாதி வீட்டைக் கட்டியவர், சாரத்திலிருந்து விழும்வரை. அதற்கப்புறம் வேலை இல்லை, வாடகை இல்லை, வீடு இல்லை. கரண்டியைக் கையில் பிடிக்க ஒரு சாக்குக் கிடைத்ததும் மனிதர் விட்டால்தானே.

இப்போது அங்குலம் வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பலகை இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு சிமெண்ட் சரிவு. நாடாவை விரித்தார். உயரம் சரி, அகலம் சரி, சாய்வு அப்படியே சட்டத்தில் சொன்னபடி. இவ்வளவு சரியான சரிவை அவர் தன் அலுவலக வாசலில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அது வீட்டின் அடிச்சட்டத்தோடு கம்பி போட்டு இணைக்கப்பட்டிருந்தது.

"முன்சக்கரம் எங்க மேஸ்திரி?"

"உள்ள இருக்கு சார்" என்றார் மேஸ்திரி பெருமையாக. "காத்தடிச்சா உருண்டுடுமேன்னு அதையும் சேர்த்துப் பூசிட்டேன். இனி பூகம்பமே வந்தாலும் அசையாது."

அங்குலம் அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார்.

"அசையணும்யா. அசைஞ்சாத்தான் தற்காலிகம். இது இப்ப நிரந்தரக் கட்டடம். இந்த இடத்துல நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது."

"உறுதியா போடச் சொன்னது நீங்கதானே சார்?" என்றாள் இஸ்திரிக்காரி.

"உறுதியான்னேன். ஊன்றச் சொல்லலையே."

"நான் ஆடுற மாதிரி எதையும் கட்டினதில்ல சார். எனக்கு வராது" என்றார் மேஸ்திரி. சத்தியமான வார்த்தை. அங்குலத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சரிவை இடித்தால் நாற்காலி ஏறாது, அனுமதி இல்லை. இடிக்காவிட்டால் வீடு நகராது, அப்போதும் அனுமதி இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே நொந்துகொண்டார். அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சற்று நேரம் குனிந்து, படுத்து, அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் புழுதி.

"மேஸ்திரி, வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவுல வெட்டிவிடுங்க. வீட்டைத் தொடாம தனியா நின்னா அது வீடே இல்ல, தரை. தரை உறுதியா இருந்தா சட்டத்துக்கு ஒண்ணும் வலிக்காது. இடைவெளிக்கு ஒரு தகடு போட்டுக்கலாம். சக்கரத்தையும் வெளிய எடுங்க."

மேஸ்திரி உளியை எடுத்தார். தன் வேலையைத் தானே கொத்துவது அவருக்கு உயிர் போகிற சங்கடம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல் முனகினார். ஆனாலும் வெட்டியது நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது; கோணலாக வெட்டவும் அவருக்கு வரவில்லை.

"இனி தள்ளிப் பார்க்கணும். நீ இறங்கிக்கம்மா" என்றார் அங்குலம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி, "நான் இறங்கல சார்" என்றாள்.

"ஒரே நிமிஷம்மா."

"முன்ன வாடகைக்கு இருந்த வீட்டு ஓனரும் இப்படித்தான் சொன்னாரு. வெள்ளையடிக்கணும், ஒரு நிமிஷம் வெளிய நில்லுங்கன்னாரு. நாங்க ரெண்டு பேரும் நின்னோம். வாடகை பாக்கி எதுவும் கிடையாது. திரும்பிப் பார்த்தா கதவுல புதுப் பூட்டு. அதுக்கப்புறம் லாரியிலதான் தூங்கினோம். இப்ப லாரியும் இல்ல. நீங்க நல்லவருதான் சார். ஆனா நான் இறங்க மாட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. சோதனையின்போது வீட்டுக்குள் ஆள் இருக்கலாமா என்று ஏதாவது ஒரு விதி இருக்கும். அதை ஞாபகப்படுத்திப் பார்க்க அங்குலம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விரும்பவில்லை.

"சரி, உட்காரு. கெட்டியா பிடிச்சுக்க."

அக்கம்பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எல்லாரும் வந்து தோள் கொடுத்தார்கள். வீடு அசைய மறுத்தது. அங்குலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெயில் இறங்கிவிட்டது. நாடாவைத் தரையில் வைத்துவிட்டு அவரும் போய்த் தகரத்தில் தோளை முட்டுக்கொடுத்தார்.

"மெதுவா சார், அடுப்புல டீ இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து.

சக்கரம் கிரீச்சிட்டது. வீடு ஒரு முழம் போனது. மறுபடி இழுத்து, சரிவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இடைவெளியில் ஒரு தகட்டைப் போட்டார்கள். எவ்வளவு நகர்ந்தது என்று அங்குலம் அளக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

எடுத்தது வார்டு நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளும் வழக்கம். "வீடு நல்லா உறுதியா, அசையாம இருக்கா சார்?"

"இல்லம்மா, நல்லா நகருது. நானே தள்ளிப் பார்த்துட்டேன். அவரை அனுப்பி வைங்க."

"நகருது... அப்படியே எழுதிக்கிட்டேன்" என்றாள் நர்ஸ். பிறகு, "சரி சார், வண்டியில ஏத்திடறோம்" என்று கேட்டது.

இஸ்திரிக்காரி அடுப்பை அணைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சரிவில் இறங்கி, வண்டி வரும் வழியைப் பார்த்துத் தெருமுனை வரைக்கும் நடந்து போனாள்.