நான்காவது மாடியில் விழுந்த நிழல்

ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், பகை நாட்டில் இருந்த ஓர் அணு உலையின் புகைபோக்கி நிழல், தினமும் காலை பத்தே முக்காலுக்கு, நான்காவது மாடியில், வெயிலே எட்டாத ஓர் அறையில், செயற்கைக்கோள் படம் பார்ப்பவளின் மேசைமேல் விழுந்தது. செயற்கைக்கோள் அந்த உலையைக் கடக்கும் நேரம் அது. அது அனுப்பும் படங்களில் நிழலை அளந்து கட்டடங்களின் உயரத்தைக் கணக்கிடுவதும், வாசலில் நிற்கும் லாரிகளை எண்ணுவதும், எந்தக் கூரையில் பனி சீக்கிரம் உருகுகிறது என்று கவனிப்பதும் அவள் வேலை. முதல் வருடம் கட்டடப் பராமரிப்புக்குப் புகார் எழுதிப் போட்டாள். அவர்கள் வந்து இரண்டு முறை டியூப்லைட்டை மாற்றிவிட்டுப் போனார்கள். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. கோடையில் நிழல் மேசையோடு நின்றது, குளிர்காலத்தில் கதவுவரை நீண்டது. அங்கே வானம் மூடிக் கிடந்த நாட்களிலும் தவறாமல் வந்தது. அலுவலக உதவியாளர் தண்ணீர் பாட்டில்களை அதில் வரிசையாக வைப்பார். நன்றாகவே குளிர்ந்தன.

பதினோராம் வருடம் இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் ஆனது. குறித்த தேதிக்குள் அவர்கள் புகைபோக்கியை இடிக்க வேண்டும். இடித்தாயிற்று என்று இந்த அலுவலகம் சொன்னால் எல்லையில் நிற்கும் படைகள் வீடு திரும்பும். படம் பார்ப்பவளின் தம்பி மூன்று வருடமாக அந்த எல்லையில்தான் பதுங்கு குழியில் கிடந்தான். இடித்துவிட்டோம் என்று அங்கிருந்து தகவல் வந்தபோது படங்களில் வெறும் மேகம். மேகத்தை ஊடுருவும் செயற்கைக்கோளோ பழுதாகிக் கிடந்தது. ஆனால் அன்றிலிருந்து மேசையில் நிழல் விழவில்லை. தன் ஆசைதான் கண்ணை மறைக்கிறதோ என்று பயந்து, நான்கு நாள் அவள் வாயே திறக்கவில்லை.

கெடு முடியும் நாளில் மேலதிகாரியிடம் போனாள். அவருக்குச் சந்தேகம் என்றே பட்டப்பெயர். எதையும் மூன்று முறை கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை, சொந்தக் கல்யாணத்தில்கூட.

"என் தம்பி அங்க இருக்கான் சார். என் கண்ண நம்பாதீங்க. நீங்களே வந்து பாருங்க."

அவர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பத்தே முக்கால் ஆனது, பதினொன்றும் ஆனது. மேசையைக் கையால் தடவினார், குனிந்து அடியிலும் பார்த்தார். உதவியாளர் பாட்டில்களை அணைத்தபடி நின்றார்.

"எத்தனை நாளா?"

"அஞ்சாவது நாள் சார்."

வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சான்று என்ற இடத்தில் 'நிழல் இல்லை' என்று அவரே எழுதினார். மேலிடத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒன்பது நாள் கழித்து வானம் தெளிந்து, படத்தில் இடிபாடு தெரிந்தது. கோப்பில் சேர்த்து வைத்தார்கள்.

அடுத்த மாதம் தம்பி பாதி உடம்பாய் இளைத்து, தாடியோடு, ரயிலடியிலிருந்து நேரே அக்காவின் அலுவலகத்துக்கு வந்தான். அவள் அவனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். தேநீர் வாங்கி வருவதற்குள் அவன் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். அன்று காலைதான் அவளுக்கு வேறொரு உலை ஒதுக்கப்பட்டிருந்தது. பத்தே முக்காலுக்கு அதன் கோபுர நிழல், அகலமான நிழல், வந்து அவன்மேல் முழுசாகப் படிந்தது. அவனை எழுப்பாமல் அவள் அடிக்கோலை எடுத்து, அவன் முதுகுமேலேயே வைத்து அளந்து, குறித்துக்கொண்டாள்.