கிளி பிரேமுக்குள் போனவர்கள்

2001ஆம் ஆண்டு ஓணம் கழிந்த மறுவாரம், நெய்யாற்றின்கரையில் நாகலக்ஷ்மி என்ற கர்ப்பிணிக்குப் பச்சை மாங்காய் தின்ன வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில் பட்டத்தில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கும், கல்லாற்றில் சர்பத் கடை வைத்திருந்தவருக்கும், பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒரு குடும்பம் முழுவதற்கும் அப்படியே இருந்தது. மாங்காய்க் காலமே இல்லை. திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு கூடை வதங்கிய மாங்காய் அன்று ஆப்பிள் விலைக்குப் போயிற்று. இவர்களுக்குள் சொந்தமோ பழக்கமோ கிடையாது. ஒரே ஒரு விஷயம்தான் பொது. எல்லோருடைய படமும் தம்பானூர் மங்கலம் கலர் லேபில் கழுவப்பட்டு, ஒரே கிளி பிரேமுக்குள் வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பிரேமைச் செய்தவள் ஜெயஷீலா. பாறசாலைக்காரி. முதலில் ஒவ்வொரு கல்யாணப் படத்துக்கும் தனித்தனியாக ஓரம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு முகூர்த்த மாதத்தில் கை ஒடிந்துபோகும் என்ற நிலை வந்தபோதுதான் ஒன்றையே செய்து எல்லோருக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. சாலை மார்க்கெட்டில் ஒரு முழம் முல்லை வாங்கி வந்து, ஸ்கேனர் கண்ணாடியின் மேல் வளைத்து வைத்துப் படமெடுத்தாள். மேல் மூலை இரண்டிலும் மவுஸ் பிடித்தே மூலைக்கொரு கிளி வரைந்தாள். பூவுக்கு அடியில் மெல்லிய நிழல் கொடுத்தாள். நடுவில் ஒரு முட்டை வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டாள். வெட்டிய இடத்தில் கம்ப்யூட்டர் வெள்ளையும் சாம்பலுமாய்க் கட்டங்கள் காட்டியது. அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிறகு யார் படம் வந்தாலும் அதைப் பிரேமின் அடியில் ஒரு லேயராகத் தள்ளிவிட்டால் போதும், முகம் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு படம் தயார். லேப் முதலாளி தாணுமாலயன் சுசீந்திரத்துக்காரர். மங்கலம் என்பது அவர் மனைவி பெயர். அவர் வந்து நின்று பார்த்துவிட்டு, கிளிக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் சிவக்கலாம் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன குறை.

மாங்காய்க்குப் பிறகு, பிரேமில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விக்கல் வந்தது. அதற்குப் பிறகு வட்டியூர்க்காவில் ஒருவருக்கு லாட்டரி விழுந்தது. காரணம் தெரியாமல் மாவட்டம் முழுக்கப் பலர் ஒரு மத்தியானம் பூராவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மருத்துவக் கல்லூரியிலிருந்தும் ஆள் வந்தது, படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. தனியாக இருந்தவர்கள் கிளி பிரேம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஏற்கெனவே வீடு நிறைய ஆட்கள் உள்ளவர்கள் வெறும் கறுப்புக் கோடு போதும் என்றார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே சமயத்தில் கொட்டாவி விட்டால், “கிளியா?” என்று கேட்டு இடம் கொடுத்தார்கள். தாணுமாலயன் தாமும் அதற்குள் போகவில்லை, வேலைக்காரர்களையும் போக விடவில்லை.

ஜெயஷீலாவுக்கு ஒரே அண்ணன், சத்தியநேசன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர்தான் அவளைப் படிக்க வைத்தார். பாறசாலையில் ரப்பர் ஷீட் வியாபாரம். மார்த்தாண்டத்தில் ஒரு பையனைப் பார்த்து, சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பந்தலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. அப்போது அவள் வேண்டாம் என்றாள். பையனிடம் குறை ஒன்றுமில்லை, அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சத்தியநேசன் கத்தவில்லை. வீடு வீடாகப் போய்க் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் ஒரு பெட்டியோடு திருவனந்தபுரம் வந்து லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. வாழ்த்து அட்டை இவளிடமிருந்து போகும், அங்கிருந்து வராது.

சின்ன ஊர் ஸ்டூடியோக்கள் பிலிம் ரோலை மங்கலம் லேபுக்குத்தான் அனுப்பும். 2002 ஜனவரியில் பாறசாலையிலிருந்து வந்த ரோலில், ஸ்கிரீனில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதினி தாசம்மாள், பின்னால் இரண்டு பிள்ளைகள். அவருடைய மீசையில் பாதி நரைத்திருந்தது. கவரின் மேல் கிளி பிரேம் என்று எழுதியிருந்தது; அது யார் செய்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஜெயஷீலா படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, தாசம்மாளின் மூக்கில் இருந்த ஒரு தூசியைத் துடைத்து, நால்வரையும் முட்டை வடிவத்துக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு நெடுநேரம் கை மவுஸின் மேலேயே கிடந்தது. மறுநாள் காலை முதலாளியிடம் போய், தன் படத்தையும் அதே பிரேமில் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

“வேண்டாம் பிள்ளே,” என்றார் தாணுமாலயன். “ஊருலெ உள்ள பல்லுவலி எல்லாம் ஒனக்கு வந்து சேரும். நீ இங்க லேப்ல இருக்கணும், ஆஸ்பத்திரியில இல்ல, பாத்துக்கோ.”

அவள் போட்டுக்கொண்டாள். அண்ணன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தாள். ஆனால் பிரேமுக்குள் கூட்டம் அதிகம். யாரோ ஒரு மணப்பெண்ணின் படபடப்பு வந்தது. யாரோ பரீட்சையில் தோற்ற துக்கம் வந்து, காரணமில்லாமல் ஆட்டோவில் அழுதாள். கல்லாற்றில் யாரோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இவள் முழங்கால் எரிந்தது. மருமகள் மேல், வாடகைக்காரன் மேல், பால்காரன் மேல் என்று விதவிதமான கோபங்கள் வந்து போயின. சந்தை இரைச்சலில் ஒரு குரலைத் தேடுவதுபோல அவள் அண்ணனுடையதைத் தேடினாள். கிடைக்கவில்லை. மார்ச் மாதத்தில் தேடுவதை விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சத்தியநேசன் லேபுக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை, கழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பு முழுவதையும் திருப்பி அவளைப் பார்த்தார்.

“ஒனக்க கழுத்துக்கு என்னவாக்கும் கேடு?”

“ஒண்ணுமில்லியே அண்ணா.”

“ஒண்ணுமில்லாமலா எனக்குப் பின்னால வாற லாரியத் திரும்பிப் பாக்க முடியாமப் போச்சு? டாக்டரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாரு. எனக்க கழுத்துல ஒரு கொழப்பமும் இல்லியாம். பின்ன, தூக்கத்துல இந்த வெரலு கெடந்து டிக் டிக்குன்னு துள்ளுது.” வலது கைச் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “தாசம்மாதான் சொன்னா, நம்ம குடும்பத்துல கம்ப்யூட்டர் தட்டுகது ஒரே ஒரு ஆளுதானேன்னு.”

பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஜெயஷீலா உள்ளங்கையில் ஊற்றித் தன் பிடரியில் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் கீழ. இடது பக்கம். ஆங், அங்கதான். அழுத்தித் தேயி.”

தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், பின்னால் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“இதக் கொண்டு கோபம் தீந்துன்னு நெனைக்காத. அது அப்படியே இருக்கு, கேட்டியா.”

“இந்த ரெண்டு மாசத்துல இதுல உள்ள எல்லாருக்க கோபமும் எனக்கு வந்துது அண்ணா. அண்ணனுக்க கோபம் மட்டும் ஒரு தடவ கூட வரல்ல.”

சத்தியநேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அங்கே வியர்வை இல்லை.

“பாறசாலையில ரேஞ்ச் கம்மியாக்கும்,” என்றார்.

மறுநாள் ஞாயிறு. அவள் முதல் பஸ்ஸில் பாறசாலைக்குப் போனாள்; தாசம்மாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தாள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் அங்கே போவது வழக்கமாயிற்று.

2004இல் தாணுமாலயன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கிளி பிரேமை அதற்கு மாற்ற வேண்டியிருந்தது. என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால், உள்ளூர் டிவியில் கீழே ஓடும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தார்கள்: புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளிக்காரர்கள் வண்டி ஓட்ட வேண்டாம், அடுப்பை அணைத்துவிட்டு உட்காரவும். தாசில்தார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்முடியில் கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்தார்கள். நாகலக்ஷ்மி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். சத்தியநேசன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஷீட் கட்டின் மேல் அமர்ந்தார். லேபில் பிரேம் மாறுவதைக் காட்டும் நீலக்கோடு ஸ்கிரீனில் இடமிருந்து வலமாக நகர்ந்தது. அது நகர்ந்து முடியும்வரை அத்தனை பேருக்கும் லிப்டில் இறங்குவதுபோல அடிவயிறு குளிர்ந்தது. பிறகு சரியாயிற்று.

போன் அடித்தது. “முடிஞ்சா?” என்றார் சத்தியநேசன்.

“முடிஞ்சு அண்ணா.”

“செரி, அப்ப நான் கடையத் தொறக்கேன்,” என்று வைத்துவிட்டார். ஜெயஷீலா பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒருவர் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்து நின்றார். அதற்குப் பிரேம் கிடையாது என்று சொல்லி, அவரை உள்ளே அனுப்பித் தலை சீவிக்கொள்ளச் சொன்னாள்.