தகப்பன் பெயர்

...தகப்பன் பேரு எப்படி மாறும், இனிஷியல் மாறலாம், ஊர் மாறலாம், தகப்பன் எப்படி மாறுவார், மஹ்ஜபீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், புதிதாகச் சேர்ந்த மயக்க டாக்டர் கொடுத்த சான்றிதழில் மோகன்குமார், தந்தை வேலுசாமி, மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் அதே எண்ணுக்கு மோகன்குமார்தான், ஆனால் தந்தை சிவசாமி... யாரோ ஒரு கிளார்க் அவசரத்தில் தட்டியிருக்கலாம், தன்னைப் போல ஒருத்தி, பிறந்த வருஷமுமா தப்பாகும்? டாக்டர்கள் நர்ஸுகள் கொண்டுவரும் காகிதம் உண்மைதானா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சம்பளம், மணி பத்து நாற்பது, பதினொன்றுக்குப் பழனியம்மாளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், காலையில் லிஃப்ட் பக்கம் அந்தம்மா சோப்புப் போட்டு மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தது, கழலவே இல்லை... மோகன்குமார் படித்ததாகச் சொன்ன காலேஜுக்குப் போன் போட்டாள், "அந்த வருஷம் மயக்கவியல்ல அப்படி யாரும் படிக்கலைங்களே", ஃபைலோடு ஓடினாள், மேனேஜர் ஆனந்த்ராஜ் ஃபைலைத் தொடக்கூட இல்லை, "ஏம்மா, பேரு ஒண்ணுதானே, மத்தியானம் பாத்துக்குவோம்", மத்தியானமா, மத்தியானம் அந்தம்மா கண் முழிக்கலைன்னா?

படி ஏறும்போதே பயம், தப்பாக இருந்துவிட்டால், பி.காம் படித்தவள் டாக்டரைப் பொய்யன் என்றாள் என்பார்கள், நாளைக்கே வேலை போகும், அத்தாவிடம் என்ன சொல்வது... தியேட்டர் வாசலில் சர்ஜன் பவித்ரா கை கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவரேதான், மோகன்குமார். "டாக்டர், செத்த நேரம் நிப்பாட்டுங்க, இவரு சர்ட்டிபிகேட் இவருது இல்லைன்னு நினைக்கிறேன்." "நினைக்கிறீங்களா, தெரியுமா?" "காலேஜ்ல இவரு பேரே இல்லைங்கிறாங்க." பவித்ரா குழாயை மூடினார், மோகன்குமார் சிரித்தார், எவ்வளவு நல்ல சிரிப்பு, "ஒரிஜினல் கார்ல இருக்கு, எடுத்துட்டு வாரேன்", இருபது நிமிஷமாகியும் வரவில்லை, பார்க்கிங்கில் காரும் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, பழனியம்மாளின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வழிமறித்தார், "ஏந் தாயி, சேவுகம்பட்டியில இருந்து வந்து நேத்திருந்து பட்டினி கெடக்கா, இப்ப ஆபரேஷன் இல்லைன்னா என்ன அர்த்தம்?" "டாக்டருக்கு அவசர வேலைங்கய்யா", ஏன் பொய் சொன்னாள், யாருக்காக... மேசைக்கு வந்து தியேட்டர் நோட்டை வாங்கிப் புரட்டினாள், மோகன்குமார் ஃபைல் நேற்றுத்தான் அவளிடம் வந்தது, அவர் சேர்ந்ததோ போன திங்கட்கிழமை, முதலில் சேரட்டும் காகிதம் பிறகு என்று யார் சொன்னது, அவளும் ஏன் கேட்கவில்லை, நாலு ஆபரேஷன், நாலிலும் அதே கையெழுத்து, மூன்று பேர் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், நாலாவது ஒட்டன்சத்திரத்துத் தக்காளி வியாபாரி, சனிக்கிழமையிலிருந்து மேலே ஐ.சி.யூவில், மயக்கம் சரியாகத் தெளியவில்லை, சர்க்கரை அதிகம், அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தாள்...