வாளை மீன் சோதனைக்கு வந்த வாரம்

ஏரி மீனை ஏலம் விடும் ஏலக்கரையில் அவரைப் பரிசோதகர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. 'பாஸ் சார்' என்றுதான் பெயர். பதினொரு வருடமாக வாராவாரம் ஏரி மீனை அரைத்து, பாதரசம் இருக்கிறதா என்று பார்த்து, 'பாஸ்' என்று எழுதிக் கொடுக்கிற மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் தலையைக் கண்டதும் ஏலக்காரர், "வாங்க பாஸ் சார், மீனெல்லாம் பரீட்சை எழுத ரெடியா நிக்குது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கே வருகிறது.

ஏரிக்கு மேலே மேட்டில் முன்பு ஒரு ரசாயன ஆலை இருந்தது. மூடி இருபது வருடம் ஆகிறது. ஆலை போனாலும் அது கழுவி ஊற்றிய பாதரசம் சேற்றோடு சேறாகக் கிடக்கிறது. அதற்காகத்தான் இந்தச் சோதனை. படிவத்தில் 'ஏரி மீன், ஒரு கிலோ' என்று மட்டும் இருக்கும். எந்த மீன், எத்தனை பெரிய மீன் என்று கேட்க வேண்டும் என அதை எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. ஆய்வகத்து அரவை இயந்திரத்தின் வாயோ சின்னது. பெரிய மீன் என்றால் தோலுரித்து, முள் எடுத்து, துண்டு போட்டு அரை நாள் மெனக்கெட வேண்டும். விரல் நீளக் கெண்டைப் பொடிமீன் என்றால் அள்ளி அப்படியே போட்டுவிடலாம். அவருக்கு முன்னால் இருந்தவரும் பொடியைத்தான் போட்டார், இவரும் பொடியைத்தான் போட்டார். பாதரசம் அனுமதித்த அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பாஸ்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஆய்வகச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் குச்சியை வைத்துக்கொண்டு அதை விளக்குகிறவரே அவர்தான். வெயிலைத் தின்று பாசி வளர்கிறது. பாசியை நீர்ப்பூச்சி தின்கிறது, பூச்சியைக் கெண்டைப் பொடி தின்கிறது, பொடியை வாளை தின்கிறது. ஒவ்வொரு படியிலும் சத்தில் பத்தில் ஒன்றுதான் மேலே போகும். மிச்சமெல்லாம் ஓடியாடுவதிலும் உடம்புச் சூட்டிலும் கழிவிலும் போய்விடும். ஆயிரம் கிலோ பாசி இருந்தால் நூறு கிலோ பூச்சி, பத்துக் கிலோ பொடி, கடைசியில் ஒரே ஒரு கிலோ வாளை. "அதனாலதான் காட்டுல மானு நிறைய, புலி கொஞ்சம்" என்று முடிப்பார். பிள்ளைகள் கை தட்டும். சத்துத்தான் இப்படிக் கரையும், பாதரசம் கரையாது, அந்த ஆயிரம் கிலோவில் இருந்ததில் பெரும்பங்கு அந்த ஒரு கிலோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை அந்தப் படத்தில் போடவில்லை. போடாததை அவரும் யோசிக்கவில்லை.

சோதனைக்குப் பொடி. வீட்டுக்கு வாளை. அது ஏலக்கரையின் வழக்கம். லஞ்சம் என்று சொன்னால் ஏலக்காரருக்கு ரோஷம் வந்துவிடும். "நம்ம வீட்டு மனுஷனுக்கு ஒரு மீன் குடுக்கக் கூடாதா?" என்பார். பாஸ் சார் தனிக்கட்டை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கையை அவர்தான் வளர்த்து ஆளாக்கிக் கட்டிக் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. மீனை வாங்கியதும் கால் நேராக அங்கேதான் போகும். தங்கை உண்டானதிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. "வாயும் வயிறுமா இருக்கிறவ, நல்லாச் சாப்பிடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுத்துக் கொடுத்து, அவள் போதும் போதும் என்றாலும் இன்னொரு துண்டு வைப்பார். பெற்ற தாய் செய்வாளா அப்படி?

பையன் பிறந்தான். ஏழு மாதம் ஆகிறது. தலை நிற்கவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினால் கண் திரும்பவில்லை. கை எடுத்தால் எடுத்தபடி விறைத்துக்கொள்கிறது. மருத்துவர் மூன்று முறை பார்த்துவிட்டார். "சில பிள்ளைங்க மெதுவாத்தான் வருவாங்க, பொறுங்க" என்றார். எல்லோரும் பொறுத்தார்கள். தாய்மாமன் மட்டும், தாய்க்குச் சத்துப் போதவில்லையோ என்று இன்னும் பெரிய வாளையாகப் பார்த்து வாங்கிவந்தார்.

அப்புறம் அந்த வாரம் வந்தது. மீன் முட்டையிடும் காலம் என்று, பொடி பிடிக்கிற சின்னக்கண் வலைக்குத் தடை. வருடாவருடம் வருகிற தடைதான். அதற்கென்று முன்கூட்டியே பொடியை வாங்கி உறைபெட்டியில் போட்டு வைப்பார். இந்த முறை இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் எல்லாம் நாறிப்போயிற்று.

"பொடிக்கு நான் எங்க போவேன் சார்?" என்றார் ஏலக்காரர். "இந்தா, ஆறு கிலோ வாளை. வால் பக்கம் பரீட்சைக்கு, தலைப் பக்கம் தங்கச்சிக்கு. கணக்கு சரியாப் போச்சா?"

அரை நாள் மெனக்கெட்டு வால் பக்கத்தை அரைத்தார். இயந்திரம் காட்டிய எண் அனுமதித்த அளவுக்கு நான்கு மடங்கு. இயந்திரம் மக்கர் பண்ணுகிறது என்றுதான் நினைத்தார். குழாயைக் கழுவி மறுபடி வைத்தார். அதே எண். மூன்றாம் முறையும் அதே எண். திரும்பிச் சுவரைப் பார்த்தார். படத்தில் வாளை எல்லாவற்றுக்கும் மேலே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. வாளைக்கு மேலே ஒரு படி இருக்கிறதே, அதில் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவர் முதல்முறையாக யோசித்தார்.

மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"பொடி கிடைக்கிற வரைக்கும் ரிசல்ட்டை நிறுத்தி வைங்க. எதுக்குய்யா வேலியில போற ஓணானை..." என்று அவர் ஆரம்பித்தார். பாஸ் சார் பாதியிலேயே வைத்துவிட்டு, படிவத்தில் 'ஃபெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. அதற்காக அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போய், ஏதோ சாக்குச் சொல்லி, அவள் தலைமுடியில் கொஞ்சமும் பிள்ளையின் முடியில் கொஞ்சமும் கத்தரித்து வாங்கிவந்தார். பாதரசம் முடியில் தங்கும். இரண்டையும் சோதித்தார். தங்கையின் முடியில் நிறைய இருந்தது. பிள்ளையின் முடியில் அதைவிட நிறைய.

மத்தியானம் திரும்பப் போனபோது தங்கை தரையில் பாய் விரித்துப் பிள்ளைக்குக் கால் நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, மறுபடியும் கையை வீசிட்டு வர்ற? இந்த வாரம் மீன் இல்லையா?"

அவர் உட்கார்ந்தார். சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதையும் மெழுகவும் இல்லை. பொடியைச் சோதித்தது, வாளையை இங்கே கொண்டுவந்தது, முடியில் கண்டது, எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கை நீவுவதை நிறுத்தியது.

"நானும்தானே தின்னேன்?" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே. கல்லு மாதிரி இருக்கேனே. உன் மிஷின் தப்பாக் காட்டுதுண்ணே."

"மூணு தடவை பார்த்துட்டேம்மா."

"அப்ப எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

இதைத்தான் அவர் சொல்லாமல் போய்விடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

"வயித்துல இருக்கிறப்ப உன் ரத்தத்துல வந்ததை அவன் இழுத்துக்கிட்டான். உன் உடம்புக்கு அது தாங்குற அளவுதான். அவனுக்கு அப்பத்தான் மூளை உருவாகிட்டு இருந்துச்சு. உன்னை விட்டுட்டு அவனைப் பிடிச்சிருச்சு."

அவள் அழவில்லை. அண்ணனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, தலை சாயாமல் கையால் ஏந்திக்கொண்டு அதன் முகத்தையே பார்த்தாள்.

"சரியாயிருமா?"

"ஆகாதும்மா. ஆனது ஆனதுதான்."

பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. சன்னமாக, விட்டுவிட்டு அழ ஆரம்பித்தது. வாய் அவள் மார்பைத் தேடியது. அவள் கை பழக்கத்தில் ரவிக்கைக்குப் போய், பாதியில் நின்றது.

"பால்லயும் வருமா?"

"கொஞ்சம் வரும்."

"அப்ப குடுக்கலாமா, கூடாதா? அதையாவது தெளிவாச் சொல்லுண்ணே."

தாய்ப்பாலை நிறுத்துவதும் பிள்ளைக்குக் கேடு என்று அவருக்குத் தெரியும். எது பெரிய கேடு என்று தெரியாது.

"தெரியலம்மா" என்றார்.

அழுகை நிற்கவில்லை. அவள் தட்டிக் கொடுத்துப் பார்த்தாள், தோளில் போட்டுப் பார்த்தாள், எழுந்து இரண்டு முறை நடந்து பார்த்தாள். பிறகு அண்ணனுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பால் கொடுத்தாள்.