மா மே லினோடு உலாவப் போன கட்டில்

பர்மிய நகரம் ஒன்றின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் மாசமாக இருந்த ஒரு சீனப் பெண் தன் கட்டிலைக் கூட்டிக்கொண்டு தினம் மூன்று வேளை உலாவப் போனாள். ஏழு வாரத்தில் அந்தக் கட்டில் கண்டோஜி ஏரியை நூற்று நாற்பத்தேழு தடவை சுற்றியது, அதில் ஒரு தடவைகூட அவளை முந்தவில்லை. அசல் தேக்கு, ஆறடிக்கு நாலடி.

பெண்ணின் பெயர் மா மே லின், வீடு மூன்றாம் மாடி, கணவன் கப்பலில். முன்னே இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. அதனால் மூன்றாவது உண்டானதும் மாமியார் டோ ஹ்வா சட்டம் போட்டுவிட்டாள்: மருமகள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, கட்டிலை எவரும் நகர்த்தவும் கூடாது. வயிற்றுப் பிள்ளையைக் காக்கும் சாமி கட்டிலில் குடியிருக்கிறது, இழுத்தால் சாமிக்கு அடிபடும், பிள்ளைக்கு வலிக்கும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. தர்ப்பூசணி, வெள்ளரி, நண்டெல்லாம் குளிர்ச்சி என்று டோ ஹ்வா தடுத்தாள். பப்பாளி, அன்னாசி, எள்ளெல்லாம் சூடு என்று எதிர்வீட்டு ஜைனப் தடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தாமுவே சந்தையில் பாதியை மூடிவிட்டார்கள். மிஞ்சிய வெள்ளைச் சோற்றையும் பன்றிக்கால் சூப்பையும் மாமியார் தினம் ஐந்து வேளை ஊட்டினாள். ஆறாம் மாதத்தில் மா மே லினை நினைத்தாலே தெருத் தராசுகளில் முள் ஆடியது.

வீட்டுக்கு வந்து எடுத்த இரத்தத்தின் சோதனைச் சீட்டை டோ ஹ்வா கொண்டுபோய்க் காட்டியதும், சர்க்கரை ஏறிவிட்டது, இறங்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார் டாக்டரம்மா. மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் 'ஷௌக்' என்று பர்மியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவசரத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டார். ஷௌக் என்றால் நட என்றும் பொருள், நாரத்தம்பழம் என்றும் பொருள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாத பெண்ணுக்கு டாக்டர் எதைச் சொல்லியிருப்பார் என்பதில் டோ ஹ்வாவுக்குச் சந்தேகமே வரவில்லை. சர்க்கரைப் பாகில் ஊறிய நாரத்தம்பழம் கூடை கூடையாக மாடியேறியது. தின்னமுடியாததை மா மே லின் மெத்தைக்கு அடியில் ஒளித்தாள். தின்றதே போதுமானதாக இருந்தது, நாலாவது வாரம் சர்க்கரை இன்னும் ஏறியது.

விஷயம் தெரிந்ததும் ஜைனப் வந்து நின்றாள்.

"டோ ஹ்வா, புள்ளைய ஊறுகா போடுறீங்களா? ஷௌக்னா நடக்கச் சொல்லியிருக்காங்க."

"இவ நடந்து போயிட்டா சாமி இங்க தனியா கிடக்குமா? ரெண்டு போச்சு ஜைனப். இதையும் போக்கச் சொல்றியா?"

"அப்ப சாமியையும் கூட்டிட்டுப் போகட்டும்."

மா மே லின் அழுதுகொண்டே காலைத் தரையில் வைத்தாள். கட்டிலும் ஒரு காலை எடுத்து வைத்தது. நாலு வாரம் நாரத்தம்பழத்தின் மேல் கிடந்ததில் டாக்டர் சொன்னது அதற்கு நன்றாக ஊறியிருந்தது. டோ ஹ்வா குனிந்து பார்த்தாள். யாரும் நகர்த்தவில்லை, தானாகத்தான் நடந்தது. அதற்கு அவள் சட்டத்தில் தடை இல்லை.

அன்றிலிருந்து கட்டில் பூனைபோல் படியிறங்கியது, பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றது, ஏரிக்கரையில் அவள் மூச்சு வாங்கினால் தானும் நின்றது. சூப்புக்குப் பதில் ஜைனப் அவித்த பட்டாணியும் மீனும் கீரையும் கொண்டுவந்தாள், சோறு ஒரு பிடியானது. சர்க்கரை இறங்கிய இறக்கத்தில் டாக்டரம்மா கருவியைத் தட்டிப் பார்த்து, மறுபடி அளந்தார்.

கட்டில் நடக்கிறது என்று தெரு முழுக்க ஒப்புக்கொண்டது, கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்துல் பாரியைத் தவிர. கட்டிலைப் பார்த்ததாகச் சொன்னவர்களிடம், "பவர் கூடிப்போச்சு, உள்ள வாங்க" என்பார். அப்படியே முப்பத்தொரு கண்ணாடி விற்றார். கட்டில் கடையைத் தாண்டும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கொள்வார்.

ஒன்பதாம் மாதம் ஒரு நண்பகலில் வலி கண்டது. டாக்ஸிகளெல்லாம் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றன. கட்டில் வாசலில் முன்னங்கால்களை மடக்கிக் குனிந்தது. மா மே லின் ஏறிப் படுத்தாள். அன்று பாரிக்குத் திரும்பிக்கொள்ள நேரமில்லை.

"எவனோ கயிறு கட்டி இழுக்கிறான்" என்றார்.

"கட்டில் காலைப் பிடிச்சுப் பாருங்க, பாரி நானா" என்றாள் ஜைனப்.

பின்னங்காலைப் பிடித்தார். கட்டில் கிளம்பியது. விட்டால் தோற்றதாகிவிடும் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் விடாமல் ஓடினார்.

நாற்பது நிமிடத்தில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல குரல். டோ ஹ்வா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். படிவம் நிரப்பிய எழுத்தர், தாயார் எதில் வந்தார் என்று கேட்டார். டாக்ஸியா, ஆம்புலன்ஸா?

எல்லோரும் பாரியைப் பார்த்தார்கள். ஒரு கால் செருப்பைக் காணோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டிலை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டில்ல வந்தாங்க. அது நடந்துதான் வந்துச்சு. எழுதிக்கங்க."