பன்னிரண்டு நாழி அதிகம்

காலை ஐந்தரைக்கு ஞானசிங் எழுந்தான். கிணற்றில் ஏழு வாளி இறைத்தான். பல் தேய்த்துக் குளித்தான். முதல் நாள் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தான். கலத்தைக் கழுவிக் கவிழ்த்தான். வைகாசியிலிருந்து எல்லாக் காலையும் இதுதான். மற்ற நாளென்றால் கோட்டு மாட்டிக்கொண்டு நாகர்கோவில் பேங்குக்குக் கணக்கெழுதப் போவான். ஆடி மாதத்து அந்தச் சனிக்கிழமை கோட்டு மாட்டவில்லை. சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறைக்கு அரிசி அளக்கப் போனான்.

இராஜாக்கமங்கலம் சாலையோரம் இருந்த அந்த ஊரில், சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நேசம்மாள் நாழியால் அளந்து பெட்டியில் போடுவாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொட்டாரத்து வியாபாரி கிருஷ்ணமணி வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வார். அந்தப் பணத்திலிருந்து ஆடு வாங்க, கூரை வேய என்று பெண்கள் கடன் எடுத்தார்கள். பிடியரிசிச் சங்கம் என்று பெயர். சர்க்காரில் பதிந்த சங்கம்.

போன ஆண்டுவரை வரவு செலவு எழுதி அனுப்பினால் போதும். இந்த ஆண்டு புது உத்தரவு வந்திருந்தது. ஆடி முடியுமுன் கையிருப்பு அரிசியையும் அளந்து காட்ட வேண்டும். சங்கத்தில் சேராத, கணக்கு அறிந்த ஒருவர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. அப்படி ஆனால் நாற்பத்தாறு பெண்களின் பணம் பேங்கில் முடங்கிவிடும்.

"ஒரு கையெழுத்துதானே மக்கா. கண்ணை மூடீட்டுப் போடு," என்றாள் காரியதரிசி தேவகனி.

அவன் கண்ணை மூடவில்லை. அளந்தான். நோட்டில் 287 நாழி. பெட்டியில் 299. கொட்டி மறுபடி அளந்தான். 299.

"பன்னெண்டு நாழி கூடுதல்," என்றான்.

"கூடினா நல்லதுல்லா. ஆண்டவர் அஞ்சு அப்பத்தைப் பெருக்கினப்பவும் மிச்சம் பன்னெண்டு கூடைதானே?"

"சர்க்கார் அதை நம்பாது அக்கா."

படிவத்தில் நான்கு கட்டங்கள். கணக்குப்படி. அளந்தபடி. வித்தியாசம். காரணம். மூன்றை நிரப்பிவிட்டான். நான்காவதில் பேனா நின்றது. எலி அரிசியைக் குறைக்கும், கூட்டாது. நாழியைத் திருப்பிப் பார்த்தான். சர்க்கார் முத்திரை சரியாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

கிருஷ்ணமணியின் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தான். ஐப்பசி, தை, சித்திரை மூன்று விற்பனையிலும் நோட்டும் சீட்டும் ஒரு நாழி பிசகவில்லை. சித்திரைவரை நோட்டு சத்தியபாயின் கையெழுத்து. அவனுடைய மனைவி. வைகாசி முதல் ஞாயிறு காய்ச்சலில் படுத்தாள், செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். அதன்பின் நோட்டு தேவகனியின் கோணல் எழுத்து. சத்தியபாய் போன பிறகுதான் அரிசி கூடுகிறது.

தேவகனிக்கும் அது உறைத்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"வித்தியாசம்னு எழுதினா, வாற இன்ஸ்பெக்டர் என்ன கேப்பான்? இப்பக் கூடுகது அப்ப ஏன் கூடல்ல, அந்த அரிசி எங்க போச்சுன்னு கேப்பான். செத்தவ பேருல்லா இழுபடும். பன்னெண்டு நாழிய எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வச்சிரலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றான் ஞானசிங்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அறை வாசலில் போய் நின்றான். நேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி உட்கார்ந்தாள். முதல் நாழியைத் தலைதட்டி, "கர்த்தருக்கு," என்று பெட்டியில் கொட்டினாள். அடுத்த நாழிக்கு, "ஒண்ணு," என்றாள். அதற்கடுத்ததற்கு, "ரெண்டு."

களத்தில் நெல் அளப்பவர்கள் முதல் அளவை லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு. லாபமும் எண்ணிக்கையில் சேரும். நேசம்மாளின் முதல் நாழி சேரவில்லை. வாரத்துக்கு ஒன்று. வைகாசி முதல் நேற்றுவரை பன்னிரண்டு ஞாயிறு.

"முதல் நாழியை ஏன் எண்ணல்ல சித்தி?"

"அது சங்கத்துக்கு உள்ளதில்ல. சபைக்கு வெளிய இல்லாத்தப்பட்ட ஒரு ஆளுக்கு. வலக்கை குடுக்கத இடக்கை அறியப்படாதுன்னு வேதத்துல கெடக்கு. நோட்டுல எழுதலாமா?"

"சர்க்கார் அறியணுமாம்."

"அவ்வோளுக்கு எத்தன கையோ," என்றாள் நேசம்மாள்.

"யாருக்குக் குடுப்பீங்க?"

"நானா குடுத்தேன்? உன் பெண்டாட்டில்லா கொண்டு போவா. ஆருக்குன்னு நாங்க கேக்கவும் மாட்டோம், அவ சொல்லவும் மாட்டா. அவ போனதுக்குப் பொறவு எடுக்க ஆளில்ல. விக்கவும் மனசு வரல்ல. பெட்டியில கெடக்கு."

"இது எனக்கும் தெரியாது மக்கா. அவ்வோ சொன்ன எண்ணத்தான் நோட்டுல எழுதினேன்," என்றாள் தேவகனி.

ஞானசிங் படிவத்தை எடுத்தான். அன்றைய வரவையும் சேர்த்துத் தொகைகளைத் திருத்தினான். காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்: 'பதின்மூன்று நாழி சங்கத்தின் சொத்து அல்ல. வாரம் ஒரு நாழி வீதம் வெளியார் ஒருவருக்கு உரியது. சித்திரைவரை அந்தந்த வாரமே கொடுத்துத் தீர்ந்தது. வைகாசி முதல் கொடுபடாமல் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது.' கையெழுத்திட்டுத் தேதி போட்டான். பிறகு பதின்மூன்று நாழியை அளந்து ஒரு பனையோலைப் பெட்டியில் எடுத்தான்.

"ஆருக்குன்னு தெரியாம எங்க கொண்டு போவ?" என்றாள் தேவகனி.

ஞானசிங் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் இறங்கினான்.

சத்தியபாய் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே கண் மூடினாள் என்று அடக்க ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் சொல்லியிருந்தார். சபைப் பத்திரிகையிலும் அப்படியே அச்சாகியிருந்தது. ஞானசிங் மறுக்கவில்லை. சங்கீதத்தைச் சொன்னது பக்கத்தில் நின்ற ஐயர். அதற்கு முன்பே அவள் இவன் விரலைப் பிடித்து ஒன்று சொல்லியிருந்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, சரி என்று சொல்லிவிட்டான்.

"கொளத்தடி தாணம்மாளுக்கு இந்த வாரத்து நாழி போகல்ல. நீங்க கொண்டு குடுத்திருங்க, அவ கேக்கமாட்டா."